பழைய காரை எதுவரை கழற்றுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1964ஆம் ஆண்டில் செய்த நான்கு கதவு செடான். அடியில் சுமை தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது, பாடியே எல்லாச் சுமையையும் தாங்கும் மோனோகாக் அமைப்பு. பத்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சினைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஸில்லில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. இடையில் யாரோ ஒரு முறை மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு நண்பர் "கடைசி போல்ட் வரை பிரித்துவிடு, அதுதான் ரெஸ்டோரேஷன்" என்கிறார். இன்னொருவர் "முழுசாக இருக்கிற வண்டியைப் பிரிக்காதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேருமே துருவைப் பார்க்காமல் பதில் சொல்கிறார்கள். எவ்வளவு பிரிப்பது என்பதை முதலில் தீர்மானிப்பது தகடு. சுமை தாங்கும் தகட்டில் துரு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ, அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க எவ்வளவு இடம் திறக்க வேண்டுமோ, அவ்வளவு பிரித்தாக வேண்டும். அடுத்தபடியாகத் தீர்மானிப்பது பெயிண்ட். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஒயரிங் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அவற்றை வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே ஒவ்வொன்றாக இறக்கிச் சரிசெய்து திரும்ப ஏற்ற முடியும்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். காரணம், பெட்டி பெட்டியாக உதிரி பாகங்களோடு விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பல, பிரிக்கத் தொடங்கிய நாளில் ஓடிக்கொண்டிருந்தவை. பிரிப்பது எளிது. சில வார இறுதிகளில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றமும் இருக்கும். சேர்ப்பதுதான் பல மடங்கு நேரம் கேட்கும். அதிலும் எது எங்கே இருந்தது என்ற நினைவு மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டே போகும். முழுதாகப் பிரித்த கார் முழு காரைப் போல மூன்று மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் ஆரம்பத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கதவு, பானட், டிக்கி மூடி, சீட், கண்ணாடி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாத பொருள்கள்.

அதனால் முதல் கட்டத்தில் பிரிப்பதற்காக ஸ்பேனரை எடுக்காதீர்கள். வண்டி முழுசாக இருக்கும்போது அது சொல்லும் செய்திகளை, பிரித்த பிறகு எந்தப் பாகமும் தனியாகச் சொல்லாது. மூன்றாவது கியர் தானாக நழுவுகிறதா, டிஃபரென்ஷியல் முனகுகிறதா, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, சூடான பின் ஆயில் பிரஷர் விழுகிறதா என்பதெல்லாம் ஓடும் வண்டியில் மட்டுமே தெரியும். கியர்பாக்ஸை மேசையில் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முயன்றால், கடைசியில் பயத்தில் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும்.

பத்து வருடம் நின்ற எஞ்சினை அப்படியே செல்ஃப் அடித்துப் பார்க்கவும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் இத்தனை வருடத்தில் பிசினாகியிருக்கும். அதை எஞ்சினுக்குள் விடாமல், தனிக் கேனிலிருந்து சுத்தமான பெட்ரோல் கொடுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப் மோட்டாரில் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தால் அதற்காக எஞ்சினை இறக்க அவசரப்பட வேண்டாம். பல நேரம் எஞ்சின் சூடான பின் அதுவே விட்டுவிடும்.

ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். எண் எவ்வளவு உயரம் என்பதைவிட சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். எல்லாம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டரின் உட்சுவர் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். சூடான எஞ்சினில் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு சுமார் 10 பிஎஸ்ஐ ஆயில் பிரஷர் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. அதுவும் இருந்து, புகையும் தட்டல் சத்தமும் இல்லாமல் ஓடினால் அந்த எஞ்சினைத் திறக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. வெளியே சுத்தம் செய்யுங்கள், வாட்டர் பம்பையும் ஹோஸ்களையும் பாருங்கள், அதோடு விடுங்கள். நன்றாகப் பதிந்து பழகிய பேரிங்குகளைக் கலைத்துவிட்டுப் புதிது போட்டால் கட்டாயம் மேலாகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அடுத்து, திரும்பி வரக்கூடிய கழற்றல். சீட், கார்பெட், டோர் பேட், முன்கால் பக்கத்துப் பக்கவாட்டு அட்டைகள், டிக்கி விரிப்பு, ஸ்டெப்னி. இவற்றை எடுப்பதால் எதற்கும் நீங்கள் கட்டுப்பட்டுவிடுவதில்லை. ஒரு மாலையில் திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் கார் பற்றிய உண்மைகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே வெளியே வந்துவிடும். கையில் ஒரு பலமான டார்ச், பழைய ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய காந்தம், முடிந்தால் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி, நுழைத்துப் பார்க்கும் சிறு கேமரா இருந்தால் போதும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஸில்லின் அடிப்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், முன்கதவுக் கீல் பொருத்திய தூணின் அடி, தரைத் தகடு ஸில்லோடு சேரும் ஓரம், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகள், பின் வீல் ஆர்ச்சின் உள்மடிப்பு, ஸ்டெப்னிக் குழி, பேட்டரி தட்டு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அழுகியது மொத்தென்று கேட்கும், அல்லது முனை உள்ளே போய்விடும். உள்ளே போகட்டும், தயங்க வேண்டாம். அந்த ஓட்டையை நீங்கள் உண்டாக்கவில்லை. தடிமனாகப் பூசிய கறுப்பு அண்டர்கோட்டிங் நல்ல நிலையில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். அதற்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் சிக்கிக்கொண்டால், வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டிருக்கும். சந்தேகமான இடத்தில் சுரண்டிப் பாருங்கள்.

பெயிண்ட் தடிமன் நிறையச் சொல்லும். முதல் பெயிண்ட் மட்டும் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரான் வரை காட்டும். 300, 400 என்றால் மறுபெயிண்ட். 1,000 மைக்ரானைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. அங்கே காந்தமும் தளர்வாகத்தான் பிடிக்கும். எந்தப் பகுதியில் பட்டி இருக்கிறது என்று ஒரு தாளில் காரின் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பெயிண்ட் பற்றி முடிவெடுக்க அந்தத் தாள்தான் ஆதாரம்.

இங்கே "கடைசி போல்ட் வரை" என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். தனிச் சேஸிஸ் உள்ள காரில் பாடியைத் தூக்கித் தனியே வைப்பது ஒரு தெளிவான கட்டம். 1955 முதல் 1962 வரை வந்த எம்ஜிஏ அப்படிப்பட்டது. அதற்குப் பின் வந்த எம்ஜிபி மோனோகாக். அதில் பாடியைத் தூக்குவது என்ற பேச்சே கிடையாது, தூக்கினால் கீழே சேஸிஸ் என்று எதுவும் இருக்காது. டிரையம்ஃப் ஹெரால்டு இன்னும் வேறு மாதிரி. தனிச் சேஸிஸ் மேல் பாடி பல துண்டுகளாக போல்ட்டில் சேர்ந்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் தரைத் தகடும் நடுத் தண்டும் சேர்ந்த அடிப்பகுதி ஒன்று, அதன் மேல் போல்ட்டில் உட்காரும் பாடி ஒன்று. மினியில் பாடி மோனோகாக், ஆனால் முன்னும் பின்னும் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் சுமக்கும் சப்ஃப்ரேம்கள் தனியாகக் கழன்று வரும். மினியின் பின் சப்ஃப்ரேம் துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதை மாற்ற மொத்தக் காரையும் பிரிக்க வேண்டியதில்லை, அந்த ஒரு பகுதியை இறக்கி வேறு ஏற்றினால் போதும். துரு பார்வைக்கு எவ்வளவு மோசம் என்பதும், அதற்காக எவ்வளவு பிரிக்க வேண்டும் என்பதும் வேறு வேறு கணக்குகள்.

தனிச் சேஸிஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடியைத் தூக்குவது சுலபமாகத் தெரிவதால், தேவை இல்லாமலே தூக்கிவிடுகிறார்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒவ்வொரு மவுண்டிலும் வேறு வேறு எண்ணிக்கையில் ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடுகள் இருக்கும். தொழிற்சாலையில் கதவு இடைவெளியைச் சரிசெய்து வைத்த கணக்கு அது. எந்த இடத்தில் எத்தனை என்று எழுதாமல் தூக்கினால் கதவுகள் பிறகு சரியாக மூடாது. பாடியின் கீழ் ஓரமே அழுகியிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. பீட்டிலில் ஸில்லாக இருக்கும் ஹீட்டர் சேனல்கள்தான் பாடிக்கு விறைப்பு தருகின்றன. அவை கரைந்திருக்கும் நிலையில், குறுக்குக் கம்பி வைத்து இறுக்காமல் பாடியைத் தூக்கினால் அது வளைந்துவிடும். அப்புறம் எந்த வடிவத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு எந்த அளவும் கையில் இருக்காது.

இப்போது உங்கள் மோனோகாக் விஷயம். ஸில் உங்கள் காரின் முதுகெலும்பு. வெளியே தெரியும் தகடு ஒரு பக்கம்தான். உள்ளே இன்னொரு தகடு, பல கார்களில் நடுவிலும் ஒன்று, எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டியாக இருக்கும். அந்தப் பெட்டி வடிவம்தான் பலம். வெளித் தகட்டில் கொப்பளம் தெரிகிறது என்றால் துரு உள்ளேயிருந்து வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு ஒட்டுத் தகடு வைத்து மூடுவது வேலையே அல்ல. வெளித் தகட்டைத் திறந்து உள்ளே பார்த்துத்தான் தீர வேண்டும்.

இந்த இடத்தில்தான் "முதலில் எல்லாவற்றையும் பிரி" என்ற அறிவுரை நேரடியாகக் கெடுதல் செய்கிறது. கதவு, எஞ்சின், சஸ்பென்ஷன், கண்ணாடி எல்லாம் எடுத்த வெற்று ஓட்டில் ஸில்லை வெட்டினால், கார் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சாட்சிகளை முதலிலேயே அனுப்பிவிட்டீர்கள். ஸில் வேலை நடக்கும்போது கதவுகள் கீலில் இருக்க வேண்டும். வண்டியின் எடை அது ஓடும்போது எங்கே விழுகிறதோ அங்கேயே, அதாவது சஸ்பென்ஷன் மேல், விழும்படி தாங்கி நிறுத்த வேண்டும். ஜாக்கியை நடுத்தரையில் கொடுத்துத் தூக்கிய நிலையில் வெல்டிங் செய்தால், கீழே இறக்கும்போது கதவுகள் இடிக்கும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கதவைச் சுற்றியும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். கதவு வாயின் மூலைக்கு மூலை குறுக்களவையும் எடுங்கள். கூரை இல்லாத கார் என்றால் கதவு வாயின் குறுக்கே தற்காலிகக் கம்பிகளை வெல்டிங் செய்தே ஆக வேண்டும். உங்கள் செடானிலும் செய்துவிடுவது நல்லது. கதவை மூடிப் பார்க்க இடம் விட்டு, கம்பிகளை உட்பக்கமாக வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்து, கதவு மூடித் திறந்து, அளவுகள் சரி என்று உறுதியான பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். புதுத் தகடு பழையதின் தடிமனுக்குக் குறையக் கூடாது. அந்தக் கால மேல் தகடுகள் பெரும்பாலும் 0.9 மி.மீ. அளவில் இருக்கும். சுமை தாங்கும் பகுதிகள் 1.2 மி.மீ. அல்லது அதற்கு மேல்.

ஸில்லைத் திறந்ததும் இரண்டில் ஒன்று தெரியும். உள் தகடும் நடுத் தகடும் நன்றாக இருந்து, கெட்டது வெளித் தகடும் அடி ஓரமும்தான் என்றால், உங்கள் கார் முழுதாகப் பிரிக்க வேண்டிய கார் அல்ல. முன் மட்கார்டுகள் போல்ட்டில் இருந்தால் அவற்றை எடுங்கள், உட்புறம் காலியாக இருக்கட்டும், எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். துரு கீல் தூணுக்குள் ஏறியிருந்தாலோ, முன்பக்கத்து நீளச் சட்டம் தரைத் தகட்டோடு சேரும் இடத்துக்கும் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கும் போயிருந்தாலோ கதை மாறுகிறது. அப்போதும் முதலில் ஸில்லையும் தூணையும் வண்டி தன் காலில் நிற்கும் நிலையில் முடித்துவிட்டு, ஓடு விறைப்பான பிறகு எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் இறக்கி, சுழலும் ஸ்டாண்டில் ஏற்றி அடிப்பகுதியைச் செய்யுங்கள். சுழலும் ஸ்டாண்டு வெல்டிங்குக்கு மிக நல்ல வசதி, தலைக்கு மேல் தீப்பொறி விழாது. ஆனால் பலமில்லாத பாடியை இரண்டு முனையில் பிடித்துச் சுற்றினால் நடுவில் தொய்ந்துவிடும்.

வெல்டிங் என்று வந்துவிட்டதால்: பெட்ரோல் டேங்க் காரில் இருக்கக் கூடாது, காலியான டேங்க் நிறைந்ததைவிட ஆபத்து. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பழைய பெயிண்டிலும் பாடி இணைப்பை நிரப்பிய பூச்சிலும் ஈயம் இருக்கலாம், வறண்ட நிலையில் தேய்க்க வேண்டாம்.

பெயிண்டுக்கு வருவோம். துருவுக்குப் பிறகு பிரிப்பை ஆழப்படுத்துவது இதுதான். அதே நிறமா, வேறு நிறமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். வேறு நிறம் என்றால் கதவு வாய், பானட்டின் அடி, எஞ்சின் அறை, டிக்கி உட்புறம், டேஷ்போர்டு என்று நிறம் தெரியும் எல்லா இடத்தையும் திறந்தாக வேண்டும். அப்படியென்றால் ஒயரிங், கண்ணாடி, கூரைத் துணி எல்லாம் வெளியே வரும். ஒரு நிற ஆசை, கிட்டத்தட்ட முழுப் பிரிப்பாகிவிடும். அந்த ஆசை நியாயமானதுதான், ஆனால் அதன் அளவு தெரிந்து எடுக்க வேண்டும். அதே நிறத்தில் இருந்தால் வெளிப்புறத்தையும் கதவு ஓரங்களையும் மட்டும் செய்து, உள்ளே இருக்கும் மூலப் பெயிண்டை அப்படியே விட்டுவிடலாம்.

கண்ணாடி ஒரு பெரிய வாசல். முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்குக்குள் பெயிண்ட் ஓரம் மறைந்திருக்கும். கண்ணாடியை எடுக்காமல் டேப் ஒட்டி அடித்தால் அந்த ஓரம் சில வருடங்களில் உரியத் தொடங்கும். எடுக்கலாம் என்றால், புது பீடிங் கையில் வந்து சேர்ந்து, காருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு எடுங்கள். உலர்ந்த பழைய பீடிங்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். புதிது கிடைக்காவிட்டால் கார் கண்ணாடி இல்லாமல் நிற்கும். இது எல்லா ரப்பருக்கும், எல்லாக் கிளிப்புக்கும் பொருந்தும். மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று தெரியாத எதையும் உடைத்துக் கழற்றாதீர்கள்.

முழுத் தகடு வரை பெயிண்டை உரிப்பது எப்போது அவசியம்? பழைய பெயிண்ட் வெடித்து வலை போலக் கோடு விட்டிருந்தால், அடுக்குகள் மிகவும் தடித்துப் போயிருந்தால், பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நம்பிக்கை இல்லாவிட்டால். அப்போதும் மணல் வீச்சைக் கதவு, பானட், கூரை போன்ற அகன்ற தகடுகளில் பயன்படுத்தாதீர்கள். மணல் துகள்கள் மேற்பரப்பை ஓயாமல் அடித்து விரிக்கும், தகடு அலை அலையாகிவிடும், பிறகு அதை நேராக்குவது மிகச் சிரமம். சஸ்பென்ஷன் கைகள், சக்கரங்கள், தனிச் சேஸிஸ் போன்ற கனமான பொருள்களுக்கு அது பொருத்தம். மெல்லிய தகட்டுக்கு ரசாயன ரிமூவரும் பொறுமையும் போதும். முழுப் பாடியையும் அமிலத் தொட்டியில் முக்குவது கவர்ச்சியான வழி. ஆனால் அமிலம் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் மடிப்புகளில் தங்கிவிட்டால், பெயிண்ட் அடித்துச் சில மாதம் கழித்து அங்கிருந்து கசியும்.

எப்படி உரித்தாலும், வெற்றுத் தகட்டை அன்றே எபாக்ஸி பிரைமரால் மூடிவிடுங்கள். பலர் சாதாரணச் சாம்பல் நிற ஃபில்லர் பிரைமரை அடித்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு மறுபடி தொடங்கியிருப்பது மேல் பெயிண்ட் அடித்த பிறகுதான் தெரியும். ஆகவே, ஒரு சமயத்தில் எவ்வளவு தகட்டை முடித்து மூட முடியுமோ அவ்வளவு மட்டும் உரியுங்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பத்து வருடம் நின்ற காரில் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில், துருப்பிடித்த குழாய்கள் அனைத்தும் திறந்து பார்த்து மாற்ற வேண்டும். கிளைகால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அது உள்ளிருந்தே சிலிண்டர்களை அரித்திருக்கும். டயர்களின் வயதையும் பாருங்கள், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிருக்கும். டிஃபரென்ஷியலும் கியர்பாக்ஸும் சத்தமில்லாமல் இருந்தால் ஆயிலை மட்டும் மாற்றுங்கள். சஸ்பென்ஷன் புஷ்களை ஒவ்வொரு மூலையாகச் செய்யலாம். ஒயரை வளைத்தால் அதன் மேலுறை விரிசல் விடுகிறதா என்று பாருங்கள். விடாவிட்டால் எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறு தீரும். விரிசல் விடுகிறதென்றால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும், துண்டு துண்டாக ஒட்டுப் போடுவது தீ விபத்துக்கு வழி.

இந்த வேலைகளில் உங்களை மெதுவாக இழுத்துச் செல்லும் ஒரு எண்ணம் உண்டு: "இவ்வளவு கழற்றிவிட்டோம், இதையும் சேர்த்துப் பண்ணிடலாம்." இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அந்தப் பாகத்துக்குப் பிறகு போக வேண்டுமானால் இதே உழைப்பை மறுபடி செய்ய வேண்டுமா, அந்தப் பாகம் சிறியதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிளட்ச் ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின் ஆயில் சீல், எஞ்சினின் தண்ணீர் வழிகளை அடைக்கும் எட்டாத இடத்து வாட்டர் பிளக்குகள் இப்படிப்பட்டவை. கியர்பாக்ஸ் வெளியே இருக்கிறது என்பதற்காக அதையே திறப்பது இதில் சேராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு இது மிகவும் நெருக்கமான விஷயம். பழைய கார் ஒரு ஆவணம். தொழிற்சாலையில் பரிசோதகர் சாக்பீஸில் போட்ட குறி, பாடியின் உட்புறத்தில் யாரோ எழுதிய எண், சீட்டின் அடியில் ஒட்டிய சீட்டு, போல்ட் தலையில் இருக்கும் மூல முலாம், எந்த இடத்தில் பெயிண்ட் மெல்லியதாகத் தெளித்தார்கள் என்பது எல்லாம் முழுதாகப் பிரித்து உரித்துப் பளபளப்பாக்கும்போது போய்விடும். அவற்றைத் திரும்பச் செய்ய முடியாது. 1966இல் தொடங்கிய ஃபிவா என்ற உலகப் பழங்கால வாகனக் கூட்டமைப்பின் துரின் சாசனம் இதைத்தான் கொள்கையாக வைத்திருக்கிறது. பழங்காலக் கட்டடங்களுக்காக 1964இல் வந்த வெனிஸ் சாசனத்தின் சிந்தனையை வாகனங்களுக்குக் கொண்டுவந்தது அது. இருப்பதைக் காப்பது முதலில், தேவையான அளவு மட்டும் தலையிடுவது, செய்த மாற்றங்களைப் பதிவு செய்வது. உங்கள் கூரைத் துணியும் சீட் உறையும் கிழியாமல் இருந்தால், மங்கிய நிறத்துக்காக மட்டும் அவற்றை மாற்றாதீர்கள்.

பிரிக்க முடிவான பகுதிகளுக்குச் சில பழக்கங்கள். கழற்றும் முன், கழற்றும்போது, கழற்றிய பின் என்று படம் எடுங்கள், அருகிலும் தூரத்திலும். போல்ட்களை முடிந்த இடத்தில் அதே ஓட்டையில் திரும்ப விரலால் முடுக்கிவிடுங்கள், அதைவிட நல்ல பெட்டி கிடையாது. மற்றவற்றைப் பையில் போட்டு, "இடது முன் கதவு, மேல் கீல், மூன்று போல்ட், ஒரு ஷிம்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். "கதவு" என்று மட்டும் எழுதிய பை பிறகு உதவாது. பிடித்துப்போன போல்ட்டை முதலில் மயிரிழை இறுக்கிப் பாருங்கள், துருவின் பிடி விட்டால் பிறகு திரும்பும். பழைய பாகத்தைப் புதியது பொருந்தி ஓடும்வரை எறியாதீர்கள். கழற்றிய ஒரு தொகுதியை முடித்து, முழுதாகச் சேர்த்து, மூடி வைத்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சேர்த்த ஹீட்டர் பெட்டி ஒரு பொருள், பிரித்த ஹீட்டர் பெட்டி முப்பது பொருள். சேஸிஸ் எண் பொறித்த தகட்டையும் அதைச் சுற்றிய இடத்தையும் வெட்டவோ உரிக்கவோ வேண்டாம், அந்த எண் போனால் காரின் அடையாளமே போய்விடும்.

உங்கள் காருக்கு நான் இப்படிப் போவேன். பிரேக்கைச் சரிசெய்து, எஞ்சினை ஓடவைத்து, வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டிக் குறைகளை எழுதுவேன். பிறகு உட்புறத்தை எடுத்து அடிவரை தட்டிப் பார்த்து, முன் மட்கார்டுகளைக் கழற்றுவேன். அளவுகளை எடுத்துக்கொண்டு, கொப்பளம் அதிகமாக இருக்கும் பக்கத்து ஸில்லின் வெளித் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்குச் சன்னல் போல வெட்டி, உள்ளே டார்ச் அடிப்பேன். முன் கீல் தூணின் அடியிலும் பின் ஸ்பிரிங் பிராக்கெட்டின் அருகிலும் அதேபோல ஒரு சிறு துவாரத்தில் கேமராவை விடுவேன். மூன்று இடமும் நன்றாக இருந்தால் எஞ்சினும் கண்ணாடியும் இருந்த இடத்தில் இருக்கும். தூணில் துரு இருந்தால் கீலும் கதவும் இருக்கும் நிலையிலேயே தூணை முடித்த பிறகு எஞ்சின் இறங்கும். கண்ணாடி இறங்குவது, அதன் கீழ் மூலைகளில் பீடிங்கைத் தூக்கிப் பார்த்து அங்கே தகடு அரித்திருந்தால் மட்டும்தான்.